அருவிக்கு முன்னால் நிற்பது உன் அம்மா அல்ல

மகளே,

கோபம் ஆறிய பிறகு எழுது என்று இரண்டு பேர் எனக்குச் சொன்னார்கள். ஆறினால் நான் எழுத மாட்டேன், என்னை எனக்குத் தெரியும். உனக்கு இப்போது நாலு வயது. எனக்கு எதிரே தரையில் குந்தியிருந்து என் சப்பாத்துக் கயிற்றை உருவிக்கொண்டிருக்கிறாய். நீ இதை வாசிக்கும்போது உனக்குக் கலியாணப் பேச்சு நடக்கலாம், வேறு ஊருக்குப் படிக்கப் போகும் பேச்சும் நடக்கலாம். அந்த நேரம் பார்த்து எங்கள் ஆட்களில் ஒருவர் உன்னிடம் வந்து, "உன்னைச் சின்னனிலையே லண்டனுக்குக் கூட்டிக்கொண்டு போயிருந்தால் நீ எங்கையோ போயிருப்பாய் பிள்ளை, உன்ரை அப்பன்தான் விடேல்லை" என்று சொல்வார். அது உண்மை. நான்தான் விடவில்லை. ஏன் விடவில்லை என்பதை மற்றவர்கள் தங்கள் பாட்டுக்குச் சொல்லுமுன் என்னிடம் கேட்டுக்கொள். தமிழில் எழுதுகிறேன், ஏனென்றால் உன் அம்மாவும் நானும் இந்த மொழியில்தான் சண்டை பிடித்தோம். உனக்கு வாசிக்கத் தெரியாவிட்டால் வேறு யாரையும் கொண்டு வாசிப்பிக்காதே. படித்துவிட்டு வா, கடிதம் எங்கும் போகாது.

உன் அம்மா வெளியில் இருக்கப் பிறந்தவள். நாங்கள் இருப்பது இத்தாலியில், பலெர்மோ நகரத்துக் கபோ சந்தைக்கு மேல், மூன்றாம் மாடி. யன்னலைத் திறந்தால் எதிர்வீட்டுக்காரியின் உடுப்புக் கொடி முகத்தில் முட்டும். கலியாணம் கட்டி இங்கே வந்த முதல் நாளே அவள் யன்னலைத் திறந்து பார்த்துவிட்டு, "வானம் எங்கை வைச்சிருக்கிறியள்?" என்று கேட்டாள். கிழமை முழுக்க லிபெர்த்தா வீதியில் ஒரு சிஞோராவின், பணக்கார இத்தாலிய மனுசியின், வீட்டில் தரை துடைத்து, உடுப்பை அயன் போட்டு மினுக்கி, அந்த மனுசியின் நாய்க்குக் கோழி அவித்துவிட்டு வருவாள். ஞாயிற்றுக்கிழமை விடிந்தால் வீட்டுக்குள் இருக்க மாட்டாள், மலைக்கோ கடலுக்கோ புறப்பட்டுவிடுவாள். புட்டை ஒரு பெட்டிக்குள்ளும் சம்பலை இன்னொன்றுக்குள்ளும் அடைத்து, தேத்தண்ணியைச் சூட்டுப் போத்தலில் ஊற்றி, பெயின்ற் கடைக்காரன் சும்மா கொடுத்த ஒரு சிவப்புத் தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டு வாசலில் நிற்பாள். தனியாகப் போக மாட்டாள், அதுதான் கொடுமை. குடும்பத்தோடு போக வேண்டும். நான் வேண்டும், பிறகு நீ வேண்டும், கீழ் வீட்டுப் பிள்ளைகளும் கிடைத்தால் இன்னும் நல்லது.

முதல் தரம் பெல்லெக்ரீனோ மலைக்கு என்னை இழுத்துக்கொண்டு போனபோது, கொம்பனி வாகனத்தில் போகலாம், மேலே வரைக்கும் தார் ரோட்டு இருக்கிறது என்று சொன்னேன். ஒன்பது வயதிலிருந்து பலெர்மோவில் வளர்ந்தவன், ஒரு நாளும் அந்த மலையைக் காலால் ஏறியதில்லை. பழைய கல்லுப் பாதையின் தொடக்கத்திலேயே எனக்கு மூச்சு வாங்கியது. அவள் திரும்பி நின்று இடுப்பில் கை வைத்துக்கொண்டு கேட்டாள்.

"லிஃப்ட் திருத்திறவர் படியிலை ஏற மாட்டாரோ?"

"நான் திருத்திறது சனம் ஏறக்கூடாது எண்டுதான். நீர் எங்கடை தொழிலைக் கெடுக்கிறீர்."

"அப்ப இதிலையே இருங்கோ. கறன்ற் வந்த பிறகு வாங்கோ."

சொல்லிவிட்டு நடந்துவிட்டாள். நான் திட்டிக்கொண்டே பின்னால் போனேன். பாதி வழியில் ஒரு வளைவு இருக்கிறது. பைன் மரங்கள் விலகி, துறைமுகமும் கப்பல்களும் நகரமும் ஒரேயடியாகத் தெரியும். அங்கே இரண்டு பேர் இருக்கக்கூடிய ஒரு தட்டைக் கல். அதில் ஏறி இருந்துகொண்டு புட்டுப் பெட்டியைத் திறந்தாள். நான் அங்கே வைத்துத்தான் அவளைச் சரியாகப் பார்த்தேன் என்று சொன்னால் நீ சிரிப்பாய். சிரி. கலியாணமாகி அப்போது நான்கு மாதம்.

எங்கள் சனத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அந்த மலையில் சாந்தா ரோசாலியா என்ற புனிதையின் குகைக் கோயில் இருக்கிறது. சைவக்காரரோ கிறிஸ்தவ வேதக்காரரோ, இங்கே இருக்கிற தமிழாட்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் அதற்கு நேர்த்தி வைத்து ஏறுவார்கள், இந்த நாட்டில் இருக்கப் பெர்மெஸ்ஸோ கடுதாசி கிடைக்க வேண்டும், பிள்ளை பிறக்க வேண்டும் என்று. வெறுங்காலோடு ஏறினால், "என்ன பக்தி" என்பார்கள். அதே பாதையில் அதே வெயிலில் உன் அம்மா சப்பாத்தும் தொப்பியும் போட்டுக்கொண்டு, உன்னை நெஞ்சில் கட்டிக்கொண்டு, ஆசைக்கு ஏறினாள். அது திமிராம். எதிரே இறங்கி வந்த ஒரு அன்ரி எனக்கு முன்னாலேயே கேட்டா: "என்ன பிள்ளை, நேர்த்தியோ?" உன் அம்மா, "இல்லை அன்ரி, காத்து வாங்க" என்றாள். அன்ரி என் முகத்தைப் பார்த்தா, நீ ஒரு ஆம்பிளையோ என்பது போல. கடவுளுக்காகக் கால் வெடித்தால் புண்ணியம், தனக்காக நடந்தால் குற்றம். இந்தக் கணக்கு எனக்கு இன்றைக்கும் விளங்கவில்லை, விளங்கிக்கொள்ளும் எண்ணமும் இல்லை.

சிறுவயதில் போர் நடக்கும்போது பதுங்குகுழிக்குள் கிடந்த பிள்ளை, அதுதான் அடைந்த இடம் பிடிக்காமல் இப்படி அலைகிறாள் என்று லண்டனில் இருக்கும் உன் பெரியம்மா, அம்மாவின் அக்கா, ஒருமுறை விளக்கம் சொன்னார். நான் உன் அம்மாவிடமே கேட்டேன். "அதுவும் இருக்கும்" என்றாள். பிறகு, "ஆனா எனக்குக் காத்துப் பிடிக்கும், அவ்வளவுதான். ஒரு பொம்பிளைக்குக் காத்துப் பிடிக்கிறதுக்குக் குண்டு விழ வேணுமோ?" என்றாள். இதை நீ எழுதி வைத்துக்கொள்ளத் தேவையில்லை. ஞாபகம் வைத்திரு, போதும்.

அவள் இறந்தது மலையில் அல்ல, கடலிலும் அல்ல. சிஞோராவின் வீட்டில், எல்லா யன்னலும் பூட்டியிருந்த ஒரு அறைக்குள், உடுப்பு மினுக்கிக்கொண்டு நின்றபோது. மூளைக்குள் ஒரு இரத்தக் குழாய் பிறந்த நாளிலிருந்தே மெலிந்திருந்ததாம், அது வெடித்துவிட்டது. நான் டொக்டரை விடவில்லை. படம் கீறிக் காட்டுங்கள் என்றேன். கீறினார். மலை ஏறியதால் வந்ததா என்று நேரே கேட்டேன். கட்டிலில் படுத்திருந்தாலும் வந்திருக்கும் என்றார். சிஞோரா பெரிய மலர்வளையம் அனுப்பினார், அவள் எங்கள் குடும்பத்தில் ஒருத்தி மாதிரி என்று அழுதார். இரண்டு கிழமைக்குப் பிறகு போன் எடுத்து, அவளைப் போலவே நல்ல பெண் உங்கள் ஆட்களில் வேறு யாராவது இருக்கிறார்களா என்று கேட்டார். நான் போனை வைத்துவிட்டேன். என்ன சொன்னேன் என்பதை இந்தக் கடிதத்தில் எழுத முடியாது.

ஆனால் சிஞோரா அந்நியர். எங்கள் ஆட்கள் என்ன சொன்னார்கள் தெரியுமா? "பிள்ளை பெத்த உடம்போடை மலை ஏறினது." "உச்சி வெயில் தலைக்குள்ளை இறங்கினது." "கடலுக்குள்ளை நீந்தினவள் எல்லோ, ஏதோ பிடிச்சிருக்கும்." இதைத்தான் செத்தவீட்டில் சாப்பாட்டுக் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு கதைத்தார்கள். என் வேலையில் இது தினமும் நடக்கிறது. பழைய கட்டிடத்தில் லிஃப்ட் இடையில் நின்றுபோனால், காவல்காரன் முதலில் சொல்வது கடைசியாக ஏறியது யார் என்பதுதான். பெரும்பாலும் சந்தைப் பையோடு ஏறிய எங்கள் பெண்களில் ஒருத்தி. "லா சிங்கலேசே" என்பான், நாங்கள் சிங்களவர் இல்லை என்று எத்தனை தரம் சொன்னாலும். நான் லிஃப்ட்டுக்குக் கீழே இருக்கிற கிடங்குக்குள் இறங்கிப் பார்த்தால், பல வருடமாகத் தேய்ந்துகொண்டிருந்த ஒரு பாகம் அன்றைக்கு விட்டுப்போயிருக்கும். கடைசியாக ஏறினவள் ஒன்றும் செய்யவில்லை. அவள் ஏறினாள், அவ்வளவுதான். இத்தாலியன் இதைச் சொல்லும்போது எங்கள் சனத்துக்குக் கோபம் வருகிறது. தங்கள் பிள்ளையைப் பற்றித் தாங்களே அதைச் சொல்லும்போது வரவில்லை.

இனிப் படத்தின் கதை. எங்கள் ஆட்களில் ஒருவர் செத்தால் அறிவித்தல் அடிக்க வேண்டும், படம் போட வேண்டும், பெரிதாக்கிப் பிறேம் போட்டு மாலை போட வேண்டும். பிரான்காச்சோவில் ஒரு சின்னக் கடை வைத்து இதையெல்லாம் செய்கிறவர் மணியண்ணை. கலியாண பனர், பெண்பிள்ளைகளின் சாமத்தியச் சடங்கு அல்பம், சாவு அறிவித்தல் எல்லாம் ஒரே கொம்பியூட்டர். அந்த நாட்களில் நான் ஒரு மனுசனாக இருக்கவில்லை. யாரோ என் போனிலிருந்து படத்தை எடுத்து அவருக்கு அனுப்பினார்கள். அனுப்பியது மலை வளைவில் எடுத்த படம்: தொப்பி ஒரு பக்கம் சரிந்து, மயிர் காற்றில் பறந்து, வாய் நிறையப் புட்டோடு சிரிக்கிறாள். திரும்பி வந்தது வேறு ஒரு பெண். முகத்தை மட்டும் வெட்டி எடுத்து, யாரோ ஒருத்தியின் பட்டுச் சேலைக் கழுத்துக்கு மேல் ஒட்டி, அட்டியல் போட்டு, தொப்பி இருந்த இடத்தில் வகிடு எடுத்து மயிர் கீறி, உதட்டை மூடி, நிறத்தையும் வெளுக்கப் பண்ணி, பின்னால் ஒரு பெரிய அருவி. அன்றைக்கு நான் பார்த்தும் பார்க்காமல் விட்டேன். முதலாம் ஆண்டு நினைவுக்கும் அதே படத்தை அடிக்கிறார்கள் என்று தெரிந்ததும், பஸ் பிடித்து மணியண்ணையிடம் போனேன்.

"அண்ணை, மலையை ஏன் வெட்டினீங்கள்?"

"தம்பி, மலை, தொப்பி எல்லாம் சாவுக்குச் சரிவராது. பிக்னிக் போன மாதிரிக் கிடக்கும்."

"பிக்னிக்தான் அண்ணை போனவள்."

"அதைச் சனம் கேக்குமோ? அருவி எண்டால் ஒரு சாந்தம்."

"எந்த ஊர் அருவி இது?"

"கனடாவோ எங்கையோ. எல்லாருக்கும் இதுதான் போடுறனான். போன மாசம் செத்த செல்லையா மாஸ்டரும் இதுக்கு முன்னாலைதான் நிக்கிறார்."

மணியண்ணை கெட்டவர் இல்லை. கடைக்கு உள்ளே கூட்டிக்கொண்டு போய்க் கோப்பி தந்தார், உன் அம்மா தன்னிடம் பஸ்ஸில் சுகம் விசாரித்துச் சிரித்த கதை சொல்லிக் கண் கலங்கினார். ஆனால் அச்சு முடிந்துவிட்டது என்றார். கீழே கவிதை வேறு. உன் அம்மாவைக் குத்துவிளக்கு என்று எழுதியிருந்தார்கள். குத்துவிளக்கு வைத்த இடத்தில் நிற்கும். உன் அம்மா எந்த இடத்தில் நின்றாள்?

முதலாம் வருட ஆட்டைத் திவசத்துக்கு உன் பெரியம்மா லண்டனிலிருந்து வந்தார். உன் அம்மாவை வளர்த்தவர் அவர்தான், தாய் போன பிறகு. அவருக்கு அது தங்கச்சி அல்ல, மூத்த பிள்ளை. இதை நான் மறுக்கவில்லை. வந்த அன்றே உன்னைக் குளிக்க வார்த்து, தலை பின்னி, மடியில் வைத்துக்கொண்டு சொன்னார்.

"தம்பி, பிள்ளைக்கும் ரிக்கெற் போட்டுத்தான் வந்தனான். நீர் பேப்பரிலை கையெழுத்து வைச்சால் காணும்."

"என்னைக் கேக்காமலோ அக்கா?"

"கேட்டால் நீர் ஓமெண்டுவீரோ? பொம்பிளைப் பிள்ளை. நாளைக்குப் பெரியபிள்ளையானால் ஆர் பாக்கிறது? நீர் எந்த லிஃப்ட்டுக் கிடங்குக்குள்ளை நிப்பீரோ தெரியாது. அங்கை அவளுக்குத் தனி அறை வைச்சிருக்கிறன்."

"இஞ்சை அவளுக்கு ஆக்கள் இருக்கினம், பள்ளிக்கூடம் இருக்கு."

"இஞ்சை விட்டால் தாயைப் போலத்தான் மலை, கடல் எண்டு திரிவாள்." உன் பின்னலை இறுக்கிப் பிடித்தார். "ஒண்டைப் பறிகுடுத்தது காணாதோ?"

மற்ற உறவுக்காரர் எல்லோரும் தலையாட்டினார்கள். ஏற்கெனவே போனில் கதைத்து முடித்திருக்கிறார்கள் என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. என்னிடம் வந்தது முடிவு மட்டும்தான். ஒரு ஆண் தனியாகப் பிள்ளை வளர்க்க மாட்டான் என்று அத்தனை பேரும் அவ்வளவு நிச்சயமாக இருந்தார்கள். ஒரு நிமிடம் எனக்கே சந்தேகம் வந்தது. அந்த ஒரு நிமிடத்துக்காக அவர்களை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

அடுத்த நாள் வாடகை மண்டபத்தில் திவசம். ஐயர் வந்து, பிறேம் போட்ட படத்தைக் கதிரையில் வைத்து, மாலை போட்டு, எல்லோரும் கும்பிடுகிறார்கள். பெரியம்மா உன்னைத் தூக்கிக்கொண்டு போய்ப் படத்துக்கு முன்னால் இறக்கி, "கும்பிடு குஞ்சு" என்றார். நீ படத்தைப் பார்த்தாய். என்னைத் திரும்பிப் பார்த்தாய். பிறகு பாலர் பாடசாலையில் புதுப்பிள்ளை வந்தால் கேட்கிற மாதிரிக் கேட்டாய்:

"கி ஏ குவெஸ்தா? இது ஆர்?"

மண்டபம் முழுக்க ஒரு ஓலம். "ஐயோ, பெத்த தாயையே மறந்திட்டுது!" பெரியம்மா உன்னை அள்ளி எடுத்து அழுதார். இதற்குத்தான் சொன்னோம், பிள்ளைக்கு ஒரு தாய் வேண்டும் என்று நாலு பக்கமும் குரல். நான் என் போனை எடுத்து, மலைப் படத்தைத் திறந்து, உன் முகத்துக்கு நேரே பிடித்தேன். "அம்மா!" என்று கத்தினாய். போனைப் பறித்தாய். பிறகு பிறேமைக் காட்டி அவர்கள் எல்லோரிடமும், "அம்மாடை தொப்பி எங்கை?" என்று கேட்டாய். நான் சொன்னேன்.

"அக்கா, பிள்ளை தாயை மறக்கேல்லை. நீங்கள்தான் ஆளை மாத்திப்போட்டியள்."

கதிரையில் இருந்த பிறேமைத் தூக்கப் போனேன். ஐயர் பதறிப்போய், "தம்பி, காரியம் முடியட்டும்" என்றார். சரி, முடியட்டும். பிறேமுக்கு முன்னால் போனைச் சாய்த்து வைத்தேன். கொஞ்ச நேரத்துக்கு ஒருமுறை திரை இருண்டுபோகும். விரலால் தொடுவேன், உன் அம்மா திரும்பச் சிரிப்பாள். திவசம் முடியும்வரை அதற்குப் பக்கத்திலேயே குந்தியிருந்து தொட்டுக்கொண்டிருந்தேன். திரை அணையாமல் வைக்கும் செற்றிங் எனக்குத் தெரியும். மாற்றவில்லை.

அங்கேயே எனக்கு முடிவு தெரிந்துவிட்டது. லண்டனில் உனக்குத் தனி அறை இருக்கும், நல்ல பள்ளிக்கூடம் இருக்கும், பெரியம்மா தன் உயிரைக் கொடுத்து உன்னைப் பார்ப்பார். ஆனால் அந்த அறைச் சுவரில் அருவிக்காரிதான் தொங்குவாள். ஒரு வருடம் போனால் நீ அவளைக் கும்பிடுவாய். இன்னும் ஒரு வருடம் போனால் அவள்தான் உன் அம்மா. மலை ஏறினதால் செத்துப்போன, வீட்டுக்குள் இருந்திருக்க வேண்டிய ஒருத்தி. உன்னைக் கதவுக்கு வெளியே விடாமல் வைத்திருக்க அந்தக் கதை ஒன்றே போதும். அதற்கு நான் கையெழுத்து வைக்க மாட்டேன் என்று பெரியம்மாவிடம் சொன்னேன். நல்ல மாதிரிச் சொல்லவில்லை. அவரும் நல்ல மாதிரிக் கேட்கவில்லை. "நான்தான் அவளை உமக்குக் கட்டித் தந்தனான், உயிரோடை திருப்பித் தாரும் பாப்பம்" என்றார்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. அவருடைய விமானம் பின்னேரம். காலையில் நான் புட்டு அவித்தேன். கட்டி கட்டியாக வந்தது. பெரியம்மா குசினி வாசலில் நின்று பார்த்துவிட்டு, "மாவை வறுக்கேல்லையோ?" என்று கேட்டு என்னைத் தள்ளிவிட்டுத் தானே இன்னொரு தரம் அவித்தார். பெட்டியை மூடும்போது, "அக்கா, நீங்களும் வாங்கோ" என்றேன். சமாதானத்துக்குக் கூப்பிடவில்லை. பார்த்துவிட்டுத் திட்டட்டும் என்றுதான் கூப்பிட்டேன். செருப்போடு வந்தார். வழி முழுக்கப் புறுபுறுப்பு: கல்லு, வெயில், என் குணம், இத்தாலி. நீ முன்னால் ஓடினாய், அம்மாவின் தொப்பி உன் கண் வரைக்கும் இறங்கி. வளைவு வந்ததும் உன்னை யாரும் கூப்பிடவில்லை. நீயாக விலகிப் போய் அந்தத் தட்டைக் கல்லில் இருந்துகொண்டு, பக்கத்தில் கையால் தட்டினாய்.

"பெரியம்மா, இஞ்சை இருங்கோ. அம்மா இஞ்சைதான் புட்டுத் தாறவ."

பெரியம்மா உனக்குப் பக்கத்தில் இருந்தார். ஒரு கப்பல் துறைமுகத்தை விட்டு வெளியே போய்க்கொண்டிருந்தது.

"இவள் இப்பிடி ஒரு இடம் இருக்கெண்டு எனக்கு ஒரு நாளும் சொல்லேல்லை."

"நீங்கள் கேக்கேல்லை அக்கா. போனிலை சாப்பாடும் மருந்துக் குளிசையும்தான் கேட்டனீங்கள்."

"உமக்கு வாய் கூட." மூக்கைத் துடைத்தார். "அவளுக்கும் இதே வாய்." புட்டை உருட்டி உனக்குத் தந்துவிட்டு, என்னைப் பார்க்காமல், "அந்தத் தொப்பிப் படத்தை எனக்கும் அனுப்பும்" என்றார். நான் ஓம் என்றேன்.

இத்தோடு முடித்திருந்தால் நல்ல கதை. ஆனால் விமான நிலையத்தில் பெட்டியை நிறுத்துப் போட்டுவிட்டு, உன் பெரியப்பாவுக்குப் போனில் சொன்னார், நான் பக்கத்தில் நிற்பதைப் பற்றிக் கவலைப்படாமல்: "பாவம், பொடியன் குழம்பிப்போய் நிக்கிறான். ஒரு வருசம் போகட்டும். களைச்சுப்போய்த் தானே கொண்டுவந்து தருவான்." உன் பெயரில் போட்ட சீற் வெறுமையாகப் போனது. நான் படத்தை அனுப்பவில்லை. இதை எழுதுகிற இன்றைக்கும் அனுப்பவில்லை. அனுப்ப வேண்டும் என்று தெரியும். விரல் போகிறது, கோபம் இழுக்கிறது.

மகளே, வளர்ந்த பிறகு லண்டனுக்குப் போக வேண்டும் என்றால் போ. உன் காலால் போ, நான் மறிக்க மாட்டேன், பெட்டி தூக்கிக்கொண்டு வருவேன். போனால் முதலில் பெரியம்மா வீட்டுச் சுவரைப் பார். தொப்பிப் படம் தொங்கினால், உன் அப்பனுக்கு ஒரு நாள் கோபம் ஆறியிருக்கிறது என்று அர்த்தம். இன்னும் அருவிதான் தொங்கினால் அவரோடு சண்டை பிடிக்காதே, அவர் கேட்டவர், நான்தான் கொடுக்கவில்லை. நேரே என்னிடம் வா. வரும்போது சப்பாத்துப் போட்டுக்கொண்டு வா. சண்டையை மலைக்கு மேலே போய்ப் பிடிப்போம்.

உன்னை அனுப்பாத
அப்பா